ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு: நிலைமை நிஜமாகவே அவ்வளவு மோசமா?

கோவை மெக்கானிக்:
வணக்கம். மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடமாக ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க அட்மிஷன் வந்திருக்கிறது. விசாவுக்காக, அங்கே ஆகும் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்ட வேண்டும். அதற்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகிறோம். இந்த நேரம் பார்த்து அப்பா தினமும் ஒரு செய்தியோடு வருகிறார். ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கிறதாம், 2025 ஆகஸ்டில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டார்களாம். யூடியூபைத் திறந்தால் ஜெர்மன்காரர்களே நாடு முடிந்தது என்கிறார்கள். ஆனால் 2023-ல் ஜப்பானைத் தாண்டி மூன்றாவது பெரிய பொருளாதாரம் ஆனதும் இதே நாடுதானே? எதை நம்புவது?

ஸ்டுட்கார்ட் வாசி:
அந்த மூன்றாவது இடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யென் விழுந்ததால் டாலர் கணக்கில் ஜப்பான் கீழே போனது, அவ்வளவுதான். அதே 2023-ல் ஜெர்மனியின் பொருளாதாரம் சுருங்கியது, 2024-லும் சுருங்கியது. நான் கார் உதிரிபாகத் துறையில் இருக்கிறேன். எங்கள் பிரிவில் ஓய்வு பெற்ற நான்கு பேரின் இடம் இன்னும் காலி. யாரையும் வெளியே அனுப்பவில்லை, யாரையும் எடுக்கவும் இல்லை. உள்ளே இருப்பவருக்குப் பரவாயில்லை, புதிதாக வருபவருக்குத்தான் சிக்கல்.

சவர்லாண்ட் அண்ணை:
தம்பி, நான் 1986-ல் வந்தவன். கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்த எங்கட ஆட்களில் ஒருவன். கனகாலமாக லூடன்ஷைட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துத்தநாக வார்ப்பு வேலை. புள்ளிவிவரத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் ஒரு பாலத்தின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரடியில் ஏ45 நெடுஞ்சாலை ராமெடே பள்ளத்தாக்கைக் கடக்கிற பாலம் 1960-களில் கட்டினது, 70 மீட்டர் உயரம். 2021 டிசம்பர் தொடக்கத்தில், உருக்குத் தகடு நெளிந்துவிட்டது என்று திடீரென்று மூடினார்கள். முதலில் திருத்தலாம் என்றார்கள், பிறகு முடியாது என்றார்கள். 2023 மே மாதம் வெடி வைத்து விழுத்தினார்கள். நெடுஞ்சாலையில் போக வேண்டிய லொறி எல்லாம் ஊருக்குள்ளால். என் வீடு அந்தச் சுற்றுவழியில். விடிய நாலு மணிக்கு லொறி கியர் மாற்றி ஏற்றம் ஏறும்போது அலுமாரிக்குள் கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். மனைவி ஒவ்வொன்றுக்கும் இடையில் பழைய பேப்பரை மடித்து வைத்தா. அந்தப் பேப்பர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடத்தில் வேலைக்குப் போனவன் நான், ஐம்பது நிமிடம் ஆனது. எங்கள் பகுதியில் இரண்டு இளம் பொடியன்கள் இதாலேயே வேலையை விட்டார்கள்.

அப்புறம் 2022. எங்கள் உலை எரிவாயுவில் ஓடுகிறது. ரஷ்ய எரிவாயு நின்றது, விலை எங்கேயோ போனது. மூன்று ஷிப்ட் இரண்டானது, பிறகு குர்ஸ்ஆர்பைட். அதாவது வேலை நேரத்தைக் குறைப்பார்கள், அதனால் இழக்கிற சம்பளத்தில் 60 வீதத்தை, பிள்ளை இருந்தால் 67 வீதத்தை, அரசாங்கம் தரும். பட்டினி இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்து லொறி எண்ணுவது ஒரு மாதிரித்தான்.

காசில்லாத நாடா என்று கேட்பீர்கள். கடனுக்கு வரம்பு என்று 2009-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2014-ல் புதுக் கடன் இல்லாத பட்ஜெட்டை 'கறுப்புச் சைபர்' என்று கொண்டாடினார்கள். வட்டி ஒன்றுமே இல்லாத அந்தக் காலத்தில் வாங்கிச் செய்திருக்கலாம். கூரை ஒழுக ஒழுக வங்கிப் புத்தகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட கதை. 2024 செப்டம்பரில் ட்ரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி இரவில் எல்பே ஆற்றுக்குள்ளேயே விழுந்தது, நல்லகாலம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2025 மார்ச்சில்தான் சட்டத்தை மாற்றி, கட்டுமானத்துக்கென்று 50,000 கோடி யூரோ ஒதுக்கினார்கள்.

என்னோடு வேலை செய்கிற ஜேர்மன்காரனிடம் 'எப்படி இருக்கிறாய்?' என்றால் 'குறை சொல்ல ஒன்றும் இல்லை' என்பான். சொந்த வீடு, வருடா வருடம் மயோர்காத் தீவில் விடுமுறை. 'நாடு எப்படி?' என்றால் தலையில் கை வைப்பான். 2005-ல் வேலையில்லாதவர்கள் 50 லட்சம் பேர், அப்போதும் இதே ஆள்தான். அன்றைக்கு வேலை போய்விடுமோ என்று பயந்தான். இப்போது அந்தப் பயம் பெரிதாக இல்லை, வெட்கப்படுகிறான். 'இத்தாலிக்காரன் எங்களைப் பார்த்துச் சிரிப்பான்' என்றான் ஒருநாள். பாலம் கட்டுகிற இனம் என்று தன்னை நினைத்திருந்தவன் அல்லவா.

இந்த வெட்கத்தை வாக்காக்கிய கட்சியும் இருக்கிறது. 2025 தேர்தலில், வெளிநாட்டவர் வருகையை எதிர்க்கிற ஏஎஃப்டிக்கு 20.8 வீதம், இரண்டாவது இடம். நாட்டில் எது பிழையாகப் போனாலும் விரல் நீளுவது எங்களைப் போன்ற கறுத்த முடிக்காரர் பக்கம். இதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் செமஸ்டர்:
ரயிலை யாரும் சொல்லவில்லையே! 2024-ல் நீண்டதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடம் தாமதித்தால்தான் தாமதம், ரத்தான ரயில் கணக்கிலேயே வராது. சரி, வேலை விஷயம்: பகுதிநேர வேலைக்கு 80 விண்ணப்பம் போட்டேன், மூன்று நேர்காணல் வந்தது. கிடைத்த ஒன்றும் பி1 என்கிற இடைநிலை ஜெர்மன் மொழித் தேர்ச்சி இருந்ததால்தான்.

கோவை மெக்கானிக்:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, ஒன்று கேட்கலாமா? இன்றைக்கு என் வயதில் இருந்தால் நீங்கள் வருவீர்களா?

சவர்லாண்ட் அண்ணை:
தம்பி, நான் தெரிவு செய்து வரவில்லை. இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு எந்தக் கதவு திறந்திருந்ததோ அதால் நுழைந்தேன். எரிவாயு விலை பார்த்து வந்த ஆள் இல்லை, அதனால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வீட்டுப் பத்திரத்தை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த 11,904 உங்கள் கையில்தான் மாதம் 992 ஆகத் திரும்பி வரும், வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும். கடன் அங்கே அப்பா தலையில் நிற்கும். ஒரு செமஸ்டர் தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அந்த ஆறு மாதத்தில் பி1 முடியுங்கள், சம்பளத்தில் கொஞ்சம் சேருங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கேயே போடுங்கள்.