கேபினில் பவர் பேங்க் புகைந்தால்: ஹேலான் அடித்த பிறகும் தண்ணீர் எதற்கு?

தரைப்பக்கம்:
தொழிற்சாலைத் தீயணைப்புப் பயிற்சியில மின்சாரத் தீன்னா தண்ணியே படக்கூடாதுன்னுதான் சொல்லித் தர்றாங்க. ஆனா விமானத்துல கேபின் க்ரூ நடைமுறையில, லித்தியம் பேட்டரி பத்திக்கிட்டா ஹேலான் (தீயணைக்கற வாயு) அடிச்சிட்டு உடனே தண்ணி ஊத்தணும்னு இருக்கு. ஹேலான்லயே தீ அணைஞ்சிடுதே, அப்புறம் தண்ணி எதுக்கு? 2025 ஜனவரி 28-ல கொரியாவோட கிம்ஹே விமான நிலையத்துல ஏர் புசான் ஏ321 விமானம் எரிஞ்சப்போ, கிளம்பறதுக்கு முன்னாடிங்கறதால 176 பேரும் வெளியே வந்துட்டாங்க. அதே தீ 35,000 அடியில வந்தா யார் என்ன செய்வாங்க? பயணிகளுக்கு ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிவிட முடியாதா?

கேலிக்கதவு:
தண்ணி கூடாதுங்கறது மெயின் சப்ளையோட இணைஞ்சிருக்கற சாமானுக்கான விதி. பவர் பேங்க்ல ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட்டு சொச்சம்தான், ஷாக் பத்தின பயமே வேண்டாம். இங்க எதிரி சூடு. ஒரு செல் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி வெடிச்சா, அந்தச் சூடு ஒட்டியிருக்கற அடுத்த செல்லைக் கிளப்பிவிடும். ஹேலான் ஜுவாலையை அடக்கும், செல்லைக் குளிர வைக்காது. ஜுவாலை போயிடுச்சுன்னு திரும்பி நடந்தா முதுகுக்குப் பின்னாடி அடுத்த செல் பத்தும். சாமான் சீட் சாக்கெட்ல சொருகியிருந்தா மட்டும் முதல்ல அந்தப் பவரை நிறுத்திடணும்.

குறைஞ்சது மூணு பேர் வேலை. முதல்ல பார்த்தவர்தான் தீயணைக்கறவர். பக்கத்துல இருக்கற ஹேலானை எடுத்துட்டு அங்கேயே நிப்பார். ரெண்டாவது ஆள் இன்டர்போன்ல காக்பிட்டோட பேசுவார், வைக்கவே மாட்டார். மூணாவது ஆள் அடுத்த ஹேலான், புகைமூடி (புகையில மூச்சு விடறதுக்குத் தலையில மாட்டிக்கற உறை), தண்ணி பாட்டில்னு கொண்டுவந்து கொடுத்துக்கிட்டே பயணிகளையும் நகர்த்துவார்.

புகைமூடி சுமார் 15 நிமிஷம் தாங்கும். புகை இல்லாத இடத்துலயே மாட்டிக்கிட்டு உள்ளே போகணும். அதுல அடிக்கடி நடக்கற தப்பு, கொண்டை முடியோ சட்டைக் காலரோ கழுத்து ரப்பர்ல சிக்கிக்கறது. அந்த இடுக்கு வழியா புகை உள்ளே வந்துடும். மாட்டினதும் கழுத்தைச் சுத்தி விரல் ஓட்டிப் பார்க்கணும்.

சீட்டுக்கு மேல சாமான் வைக்கற மேல்பெட்டியில புகைன்னா புறங்கையால பெட்டியைத் தடவி எங்க சூடு அதிகம்னு பார்க்கணும். உள்ளங்கை சுட்டுட்டா அப்புறம் பாட்டிலைப் பிடிக்க முடியாது. மூடியை நாசில் நுழையற அளவுக்கு மட்டும் திறந்து, அடிச்சு, உடனே மூடணும். முழுசாத் திறந்தா காத்து போய் தீ எழும்பும். ஹேலான் பாட்டிலை நிமிர்த்தியே பிடிக்கணும். உள்ளே குழாய் அடிவரைக்கும் போகுது. சாய்ச்சா திரவத்துக்குப் பதிலா வெறும் வாயுதான் வரும். ஒரு பாட்டில் பத்து நொடி போலத்தான், வீணாக்க முடியாது.

தீ அடங்கினதும் தண்ணி. ஜூஸ், சோடா எதுவா இருந்தாலும் சரி, ஆல்கஹால் கூடாது. தாராளமா, விடாம ஊத்தணும். ஐஸ் வைக்கவே கூடாது. அது போர்வை மாதிரி மூடிக்கிட்டு சூட்டை உள்ளேயே வெச்சிருக்கும். புகையற பொருளைக் கையில தூக்கவும் கூடாது. 10, 15 நிமிஷம் பொறுத்து, புகையும் சத்தமும் நின்ன பிறகு, தண்ணி நிரப்பின பாத்திரத்துல முக்கி வெச்சு, தரையிறங்கற வரைக்கும் ஒருத்தர் கண்காணிக்கணும்.

ஜம்ப்சீட்:
காக்பிட் பக்கம் நான் சொல்கிறேன். புகையோ வாடையோ உள்ளே வந்தால் முதல் வேலை மாஸ்க். 100 சதவீத ஆக்சிஜன், புகை அடர்த்தியாக இருந்தால் மாஸ்க்கை எமர்ஜென்சி நிலையில் வைக்க வேண்டும். அதில் உள்ளழுத்தம் கூடி, புகை முகத்துக்குள் நுழையாது. முகம் முழுவதையும் மூடாத மாஸ்க் என்றால் கண்ணை மூடும் புகைக் கண்ணாடியும் வேண்டும். அடுத்து, மாஸ்க் மைக்கில் இருவரும் பேசிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தாண்டிப் போனால் செக்லிஸ்ட்டை ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காமலே போகலாம்.

விமானத்தைத் திருப்புவதும் செக்லிஸ்ட்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். 1998 செப்டம்பர் 2 இரவு, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன ஸ்விஸ்ஏர் 111-இல் முதல் வாடை வந்ததிலிருந்து கடலில் விழுந்தது வரை சுமார் 21 நிமிடம். 229 பேர் இறந்தார்கள். கூரைக்கு மேல் வயரிங்கில் பொறி பறந்து, காப்புப் போர்வையின் மேலுறை எரிந்து பரவியது. வாடை தெரிந்த உடனே கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு நேராகப் போயிருந்தாலும் பத்திரமாக இறங்கியிருக்க முடியாது என்றே கனடா விசாரணை சொன்னது, அதனால் அந்தக் குழுவைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் மூலம் தெரியாத புகை என்றால் காரணம் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கக் கூடாது என்பது அதற்குப் பிறகு செக்லிஸ்ட்டுகளில் அழுத்தமாக ஏறியது.

இன்டர்போன் வேலையை யாரும் சின்னதாக நினைக்க வேண்டாம். 1983 ஜூன் 2, ஏர் கனடா 797, டிசி-9. பின்பக்கக் கழிவறையில் புகை. ஹேலான் அல்ல, கார்பன் டை ஆக்சைடு அடித்தார்கள். புகை குறைகிறது என்று கேப்டனுக்குத் தகவல் வந்தது, இறங்கும் முடிவு தள்ளிப்போனது. தீயோ தடுப்புகளுக்குப் பின்னால் எரிந்துகொண்டே இருந்தது. சின்சினாட்டியில் இறங்கிக் கதவுகளைத் திறந்து ஒன்றரை நிமிடத்துக்குள் கேபின் முழுக்கத் தீ. 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. 'குறைகிறது', 'பரவாயில்லை' என்பதெல்லாம் தகவலே அல்ல. எந்த வரிசை, எந்தப் பக்கம், என்ன நிறம், என்ன வாடை, பேனல் சுடுகிறதா, எத்தனை பாட்டில் தீர்ந்தது, தீயைக் கண்ணால் பார்த்தீர்களா? காக்பிட்டுக்கு வேண்டியது இதுதான்.

கேலிக்கதவு:
மாஸ்க் கேள்வி விட்டுப்போச்சு. பயணிகளோட மாஸ்க் கேபின் காத்தையும் கலந்துதான் கொடுக்கும், அதனால புகையும் சேர்ந்தே உள்ளே போகும். போதாததுக்கு தீ பக்கத்துல ஆக்சிஜனும் கசியும். கேபின் அழுத்தம் குறைஞ்சா மட்டும்தான் அது. புகைக்கு, ஆளை வேற வரிசைக்கு நகர்த்தி, தலையைத் தாழ்த்தி, ஈரத்துணியை மூக்கு வாயில வெச்சு மூச்சு விடச் சொல்லணும். ஈரத்துணி கரியைத் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது, நகர்த்தறதுதான் முக்கியம்.

சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல தரையில நிக்கறப்போ ஏசி துவாரத்துலருந்து வெள்ளையா வர்றதைப் புகைன்னு நினைச்சுடாதீங்க, அது பனிமூட்டம். வாடை இருக்காது, கொஞ்சம் கீழே வந்ததுமே கரைஞ்சிடும்.

தரைப்பக்கம்:
ரொம்ப நன்றி. ஃபோன் சீட் இடுக்குல விழுந்துட்டா சீட்டை நகர்த்தக் கூடாதுன்னு சொல்றதும் இதே காரணம்தானா?

கேலிக்கதவு:
ஆமாங்க. சாய்க்கற சீட்டோட இரும்பு ஃபோனை நசுக்கினா செல்லுக்குள்ள இருக்கற பிரிப்பான் கிழிஞ்சு ஷார்ட் ஆகிடும். அந்த ஆளை எழுப்பி, சீட்டை இருக்கற நிலையிலயே விட்டு, க்ரூவைக் கூப்பிடணும். அவங்க ஹேலானையும் தண்ணியையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் குஷனைக் கழட்டுவாங்க.