கேரலில் வந்த தாத்தா: உங்கள் நினைவில் இருப்பவர் யார்?

மார்த்தாண்டம் பக்கம்

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை எந்தக் கடை வாசலிலும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா நிற்கிறார். காற்றடைத்த தாத்தா, பேட்டரியில் இடுப்பை ஆட்டுகிற தாத்தா, சாக்ஸபோன் ஊதுகிற தாத்தா. போன வாரம் அப்படி ஒருவர் பக்கத்தில் நின்று என் மகள் படம் எடுத்துக்கொண்டாள். வண்டியில் ஏறினதும் கேட்டாள்: "இவரு நம்ம வீட்டுக்கு வருவாராப்பா?"

எங்களுக்கு அவர் வீட்டுக்கு வருகிறவர்தான். அந்தக் காலத்தில் வேறு எங்கேயும் அவரைப் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பார்த்த தாத்தாவை, அல்லது நீங்களே போட்ட வேஷத்தைப் பற்றிச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சபை வாலிபர் கேரலில், அதாவது வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற குழுவில், ஐந்து வருடம் நான்தான் தாத்தா. வயிற்றில் தலையணை, அது நழுவாமல் இருக்கத் தோர்த்துத் துண்டு. முகத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் முகமூடி, அதில் மைதாப் பசையால் ஒட்டின பஞ்சுத் தாடி. கண் ஓட்டை வழியாகத் தெரிவது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு துண்டு மட்டும். நாலாவது வீடு தாண்டுவதற்குள் உள்ளே என் மூச்சே தண்ணீராகி நாடியில் வழியும். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: தாத்தா பேசக் கூடாது. ஆடலாம், கை கொடுக்கலாம், மிட்டாய் கொடுக்கலாம். வாயைத் திறந்தால் குரலை வைத்து இன்னார் மகன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு. அங்கே ஒரு பாட்டி தனியாக இருந்தார். இரண்டு பையன்களும் கல்ஃபில். நாங்கள் பாடி, ஜெபம் பண்ணி, கட்டன் காப்பி குடித்து முடித்ததும் மற்றவர்கள் படியிறங்கிவிட்டார்கள். பாட்டி என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஆரு மக்களே நீ?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "சொல்லண்டாம், இரி."

உட்கார்ந்தேன். முந்திரிக்கொத்தை இரண்டாக உடைத்து, முகமூடியின் வாய் ஓட்டை வழியாக ஒரு பாதியை ஊட்டினார். பயற்று மாவு தாடியில் உதிர்ந்தது. அதை ஒவ்வொன்றாகப் பஞ்சிலிருந்து எடுத்தார். மேளம் அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போய்விட்டது. மகனென்று நினைத்தாரா, பேரனென்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது கேரல் டெம்போவில் வருகிறது. சிங்காரி மேளம், எல்இடி விளக்கு, ஒரே மாதிரி உடையில் பத்து தாத்தா. ஆட்டம் பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரோட்டில் ஆடிவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். வீட்டுக்குள் யாரும் வருவதில்லை.

தூத்தூர்க் கரை

நானும் ஒன்று சொல்கிறேன். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்களில் பலர் டிசம்பர் 24 வந்தும் திரும்பவில்லை. எங்கள் தெருவில் அந்த வருடம் ஒரு வீட்டிலும் ஸ்டார் கட்டவில்லை.

அன்று இரவு நாங்கள் மூன்று பேர். வேஷம் இல்லை, பாட்டு இல்லை. அரிசி, பிள்ளைகளுக்கு உடுப்பு, கொஞ்சம் பணம் எல்லாம் பையில் கட்டி, ஆள் வராத வீடுகளின் பின்வாசலில் வைத்துவிட்டு வந்தோம். கதவைத் தட்டவில்லை. முன்வாசலில் நின்று கொடுத்தால் அந்த அம்மா அழுதுகொண்டே வாங்க வேண்டியிருக்கும். அதை எங்களால் பார்க்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

தக்கலை டீச்சர்

தூத்தூர்த் தம்பி, நீங்கள் செய்ததுதான் அசல் தாத்தா செய்தது. தெரிந்து செய்தீர்களோ தெரியாமலோ.

அவர் நிக்கோலாஸ். 4ஆம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரின் ஆயர். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருக்கிற ஊர் அது. வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். நிக்கோலாஸ் இரவில் போய் ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பைப் போட்டுவிட்டு வந்தார் என்பது மரபுக்கதை. வரதட்சணை என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கதையை எங்கே சொன்னாலும் வகுப்பு அமைதியாகிவிடும். இன்னொன்று, அவர் கடலோடிகளின் பாதுகாவலர். புயலில் சிக்கின கப்பல்காரர்கள் அவரைக் கூப்பிட்டதாகக் கதைகள் உண்டு. 1087இல் அவருடைய எலும்புகளை மீராவிலிருந்து இத்தாலியின் பாரி நகரத்துக்குக் கொண்டுபோனவர்களும் கப்பல்காரர்கள்தான். நம் கரையோரத்தில் இருந்திருக்க வேண்டிய புனிதரைத் துணிக்கடை வாசலில் நிறுத்தியிருக்கிறோமே என்று எனக்கு மனம் வருந்தும்.

ஆயர் எப்படித் தாத்தா ஆனார்? டச்சுக்காரர்கள் நிக்கோலாஸைக் கூப்பிட்ட 'சின்டர்கிளாஸ்' என்ற பெயர் அமெரிக்காவில் 'சாண்டா கிளாஸ்' ஆனது. 1823இல் அங்கே ஒரு பத்திரிகையில் வந்த கவிதை அவருக்கு எட்டுக் கலைமான்களைக் கொடுத்தது. அந்தக் கவிதையில் அவர் குள்ளமான ஒரு கிழவர். 1863இலிருந்து தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வருடா வருடம் வரைந்து வரைந்து அவரைக் குண்டாக்கினார். சிவப்பு உடை கோகோ கோலா கம்பெனி கொடுத்தது என்று பலரும் சொல்கிறார்கள், அது சரியில்லை. சிவப்பு முன்பே இருந்தது. 1931இலிருந்து அந்த விளம்பரங்களுக்கு ஹாடன் சண்ட்ப்ளோம் வரைந்த முகம்தான் உலகமெங்கும் நிலைத்துவிட்டது. மார்த்தாண்டத்துத் தம்பி போட்ட ரோஸ் முகமூடியும் அந்த ஜாடைதான்.

நான் ஒரு முயற்சி பண்ணினேன். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டமே விடுமுறை விடுகிறது. மூன்றே நாள் கழித்து டிசம்பர் 6 நிக்கோலாஸ் திருநாள், அது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அந்த வாரத்தில் ஞாயிறு பள்ளியில் ஒரு பையனுக்குச் சார்ட் அட்டையில் ஆயர் தொப்பி செய்து வைத்தேன். கோலுக்கு மாங்காய் பறிக்கிற தொரட்டி. பிள்ளைகள் பார்த்துவிட்டு, "இது பிஷப்பு இல்லியா டீச்சர், தாத்தா எங்க?" என்று கேட்டார்கள். கதை சொன்னேன். ஒரு பெண் குழந்தை மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பணம் போட்டது ஆருன்னு அந்த அக்காமாருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா டீச்சர்?" என்றாள். மூன்றாவது முறை தகப்பன் ஒளிந்திருந்து பிடித்துவிட்டார், யாரிடமும் சொல்லாதே என்று நிக்கோலாஸ் கேட்டுக்கொண்டார் என்று சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிபடாமலே போயிருக்கலாம் என்றாள்.

நியூரம்பெர்க் நர்ஸ், ஊர் குலசேகரம்

ஜெர்மனியில் வேலைக்கு வந்த முதல் வருடம் டிசம்பர் 5 இரவு, வீட்டுக்கார அம்மா என் ஷூவைத் துடைத்து வாசலில் வை என்றார். காலையில் அதற்குள் கடலை, சாக்லேட், ஒரு ஆரஞ்சு. இங்கே நிக்கோலாஸ் இன்னும் தொப்பியும் கோலுமாக ஆயராகவே வருகிறார். தென்பகுதியிலும் ஆஸ்திரியாவிலும் சில ஊர்களில் அவர் பின்னாலேயே கொம்பு வைத்த கிராம்புஸ் என்ற பேய் வேஷக்காரன் சங்கிலியைக் குலுக்கிக்கொண்டு வருவான். ஒரு தடவை பார்த்தேன், போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே பரிசு கொண்டுவருகிறவர் 'கிறிஸ்ட்கிண்ட்', அதாவது குழந்தை இயேசு. புனிதர்களை வணங்குவதை விட்ட சீர்திருத்தச் சபைக்காரர்கள் நிக்கோலாஸுக்குப் பதிலாகக் கொண்டுவந்தது. ஆனால் காலப்போக்கில் அந்தக் குழந்தை பொன்னிற முடியும் பொற்கிரீடமும் வைத்த ஒரு இளம் பெண்ணாக மாறிவிட்டது. எங்கள் நகரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். அவள்தான் தேவாலயத்தின் மேல்மாடத்தில் நின்று கிறிஸ்துமஸ் சந்தையைத் திறந்துவைப்பாள்.

2019இல் தேர்வானவள் இந்தியத் தகப்பனுக்குப் பிறந்த 17 வயதுப் பெண். ஒரு வலதுசாரிக் கட்சியின் கிளை அவள் நிறத்தைக் குத்திக்காட்டி எழுதியது. ஊர் கொதித்துப்போய் அவள் பக்கம் நின்றது. சந்தை திறந்த வெள்ளிக்கிழமை நானும் சதுக்கத்தில் நின்றேன். குளிரில் கால் மரத்துப்போனது. அவள் மேலே வந்து கைகளை விரித்தபோது என் பக்கத்தில் நின்ற வயதான ஜெர்மன்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கூட்டத்தில் எனக்கு மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நின்றார். அப்போது எனக்கு அழுகை வந்தது. பெத்லகேமில் பிறந்த குழந்தைக்குப் பொன்னிற முடி எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. குலசேகரத்தில் எங்கள் வீட்டுக் குடிலில் இருந்த பாலனுக்கும் அதே நிறம்தானே.

நாகர்கோவில் மேளக் குழு

மார்த்தாண்டத்து அண்ணனுக்கு ஒன்று சொல்லணும். ரோட்டில் நிற்கிறோம் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. பாதி வீட்டில் கேட் பூட்டியிருக்கும். மாடியில் நின்று கையசைத்துவிட்டு, "ஜிபே நம்பர் சொல்லுங்க" என்பார்கள். தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு ராத்திரியில் முகமூடியோடு ஆள் வந்தால் பயம். நாய் வேறு. அதற்குள் அடுத்த தெருவிலிருந்து "எப்ப வருவீங்க" என்று போன் மேல் போன் வரும். நாங்கள் ஒரு மாதம் பழகி வருகிறோம் அண்ணே, எங்களுக்கும் உள்ளே வந்து உட்கார ஆசைதான்.

போன வருடம் ஒரு மாற்றம் செய்தோம். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளுக்குப் பகலிலேயே போய்ச் சொல்லிவைத்தோம். ராத்திரி மேளம் முக்கில் நிற்கும். ஒரு கிட்டார், நாலு பேர், ஒரு தாத்தா, அவ்வளவு பேர் மட்டும் உள்ளே போவோம். அந்தத் தாத்தா எங்கள் குழுவில் பிளஸ் டூ படிக்கிற பெண். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு ஐயா அவள் கையைத் தொட்டுப் பார்த்து, "கை சின்னதா இருக்கே" என்றார். அவள் பேசவில்லை. இப்போது இதைப் படித்த பிறகுதான் உங்கள் காலத்திலும் அந்தச் சட்டம் இருந்தது என்று தெரிகிறது. எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகவே பேசாமல் இருந்தாள்.

மார்த்தாண்டம் பக்கம்

தம்பி, கேட் விஷயத்தை நான் யோசித்துப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு கேட்டும் எட்டு மணிக்குப் பூட்டிவிடுகிறோம். தூத்தூர்த் தம்பி எழுதினதை வீட்டில் வாசித்துக் காட்டினேன், யாரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இன்று பரணிலிருந்து அந்த முகமூடியை எடுத்தேன். எலாஸ்டிக் இற்றுப்போய்விட்டது, தாடி மஞ்சளாகிவிட்டது. முகமூடி நன்றாகத்தான் இருக்கிறது. மகள் போட்டுப் பார்த்தாள், கண் ஓட்டை அவளுக்குச் சரியாக வரவில்லை. எங்கள் தெருவில் தனியாக இருக்கிறவர்கள் மூன்று வீடு. 24ஆம் தேதி ஆறு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சின்ன முகத்துக்கு ஏற்ற பழைய மாதிரி முகமூடி நாகர்கோவிலிலோ தக்கலையிலோ எங்கேயாவது கிடைக்குமென்றால் சொல்லுங்கள். தாடி நாங்களே ஒட்டிக்கொள்வோம்.