லாக் ஃபைலை அழித்தும் டிஸ்கில் இடம் வரவில்லை

நண்பர்களே, ஒரு உதவி. ஆபீஸ் சர்வரில் (உபுண்டு 22.04, 40 ஜிபி டிஸ்க்) நேற்று ராத்திரி இடம் தீர்ந்துவிட்டது. அவசரத்தில் 23 ஜிபிக்கு வீங்கியிருந்த லாக் ஃபைலை (புரோகிராம் தன் வேலைகளைப் பதிவு செய்யும் ஃபைல்) ஆர்எம் கமாண்ட் போட்டு அழித்தேன். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கமாண்ட் இன்னும் 100% என்றே காட்டுகிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கணக்குப்படி 15 ஜிபிதான். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப்பில் பார்த்தால் அந்த ஃபைல் பக்கத்தில் 'டெலிட்டட்' என்று இருக்கிறது, ஜாவா புராசஸ் அதைத் திறந்தே வைத்திருக்கிறது, அதனால்தான் இடம் விடுபடவில்லை. அழிக்காமல் ட்ரங்கேட் (ஃபைலை வைத்துக்கொண்டே உள்ளே இருப்பதை மட்டும் காலி) செய்திருக்க வேண்டும், புத்தி இப்போதுதான் வருகிறது. அந்த ஜாவா புராசஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும், சரி; ஆனால் மாதக் கடைசி, பில்லிங் ஓடுகிறது, மாலை வரை கை வைக்க முடியாது. ப்ராக் டைரக்டரியில் (ஓடும் புராசஸ்களின் விவரம் இருக்கும் இடம்) அந்த புராசஸின் எஃப்டி (திறந்த ஃபைலுக்கான எண்) வழியாகவே ஃபைலைக் காலி செய்யலாமாமே? ஓடுகிற சர்வரில் யாராவது செய்திருக்கிறீர்களா? அப்புறம், லாக் ஃபைல்களை அவ்வப்போது மாற்றி வைக்கும் லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் (லாக்கை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும் ஆப்ஷன்) போட்டால் நடுவில் சில வரிகள் விட்டுப்போகுமா?