அரோரா ஏ பேண்ட் வரவே மாட்டேன் என்கிறது, அவசர உதவி

வில்லியனூர்_07:
வணக்கம். மூன்றாவது தடவையாக வெஸ்டர்ன் பிளாட் (செல்லின் புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் கோடாகக் காட்டும் சோதனை) போட்டுவிட்டேன், செல் பிரிவில் வேலை செய்யும் அரோரா ஏ புரதத்தின் பேண்ட் வரவில்லை. எல்லா செல்லிலும் இருக்கும் ஆக்டின் மட்டும் பளிச்சென்று வருகிறது. செல்லைப் பிரிவின் நடுவே நிறுத்தும் நொகோடசோல் கொடுத்துத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். ஆன்டிபாடியில் கோளாறா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம்:
எந்த செல்? மொத்த அரோரா ஏ-வையும் பிடிக்கும் ஆன்டிபாடியா, பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்கும் பாஸ்போவா? எத்தனை மைக்ரோகிராம் ஏற்றினீர்கள்? புரதம் ஏறிய மெம்பிரேனை பான்சோ சாயத்தில் நனைத்துப் பார்த்தீர்களா? இதையெல்லாம் சொல்லாமல் நாங்கள் என்ன சொல்வது?

பாகூரான்:
ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க மெம்பிரேனைப் பாலில் பிளாக் செய்தீர்களா? அப்படியானால் அதுதான் காரணம். பாலில் இருக்கும் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்போ ஆன்டிபாடி என்றால் பால் பவுடரைத் தொடக்கூடாது. 5% பி.எஸ்.ஏ.-வில் (மாட்டு ரத்த ஆல்புமின்) போட்டுப் பாருங்கள். நான் ஒரு வருடம் இதில் வீணாக்கியிருக்கிறேன்.

மூத்தவன்_கடலூர்:
கேள்வி கேட்கும் முன் அடிப்படையைப் படித்துவிட்டு வர வேண்டும். அரோரா ஏ-வுக்கான ஏயூஆர்கேஏ மரபணு இருப்பது 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில். அதிலிருந்து வரும் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) 403 அமினோ அமிலம், ஏறக்குறைய 46 கிலோடால்டன். பிரிவுக்குச் சற்று முந்தைய ஜி2 கட்டத்தில் ஏறி, செல் பிரியும் மைட்டாசிஸில் உச்சத்துக்குப் போகும். செல் பிரிந்து முடிந்ததும் ஏபிசி/சி என்ற புரதக் கூட்டமைப்பு சிடிஎச்1 என்ற துணைப் புரதத்தைச் சேர்த்துக்கொண்டு அதற்கு யுபிக்விட்டின் முத்திரை குத்தி அழித்துவிடும். எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்று தெரிந்துகொள்ளாமல் ஆன்டிபாடியைக் குறை சொல்வது இப்போதைய மாணவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

வில்லியனூர்_07:
ஹீலா செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்). மொத்தம், பாஸ்போ இரண்டுமே போட்டேன், இரண்டுமே இல்லை. 30 மைக்ரோகிராம். பான்சோவில் எல்லா லேனும் நன்றாகத் தெரிந்தது. பிளாக் 5% பால். மூத்தவன் சார், நீங்கள் சொன்னது தெரியும். அதற்காகத்தானே நொகோடசோல் கொடுத்தேன்.

பாகூரான்:
பால்! நான்தான் சொன்னேனே.

கெடிலக்கரை:
பாகூரான், மொத்த அரோரா ஏ-வும் வரவில்லை என்கிறார். பாஸ்போ மட்டும் வராமல் போனால் பாலைச் சந்தேகிக்கலாம். தம்பி, நொகோடசோல் எவ்வளவு, எத்தனை மணி நேரம்? மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் செல் எப்படி இருந்தது? லைசேட் (செல்லை உடைத்த சாறு) எடுத்ததை ஒரு படி விடாமல் எழுதுங்கள்.

தேவனாம்பட்டினம்:
எனக்கு ஃப்ரீசர் மேல்தான் சந்தேகம். நம் ஊரில் கரண்ட் போவதைச் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையேறியபோது நான் கடலூரில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். நாள்கணக்கில் கரண்ட் இல்லை. துறை ஃப்ரீசரைத் திறந்தபோது அடித்தட்டில் தண்ணீர் தேங்கி, லேபிள் மை கரைந்து, எந்தக் குழாயில் எது என்றே தெரியவில்லை. இரண்டு சீனியர்களின் ஆன்டிபாடி முழுக்க அதில் போனது.

மூத்தவன்_கடலூர்:
தானே வேறு, இரண்டு மணி நேரக் கட் வேறு. பெரும்பாலான ஆன்டிபாடி 50% கிளிசராலில் வருகிறது. மைனஸ் 20-இல் அது உறைவதே இல்லை. கொஞ்ச நேரம் குளிர் குறைந்ததால் கெட்டுப்போகாது.

தேவனாம்பட்டினம்:
இரண்டு மணி நேரம் என்று யார் சொன்னது? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் எப்போது வந்தது என்று எனக்குத்தான் தெரியும். கிளிசரால் இல்லாமல் வரும் ஆன்டிபாடியும் இருக்கிறது. உருகி உறைந்தால் அது தாங்காது.

பாகூரான்:
சின்னச் சின்னக் குழாயாகப் பிரித்து வைத்தால் இந்தச் சண்டையே வராது.

மூத்தவன்_கடலூர்:
கிளிசராலில் இருப்பதைப் பிரிக்கத் தேவையில்லை என்று பாக்கெட்டில் வரும் தாளிலேயே போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை.

கெடிலக்கரை:
புயலை அப்புறம் பேசிக்கொள்ளலாம். தம்பி, கேட்டதற்குப் பதில் வரவில்லையே?

வில்லியனூர்_07:
மன்னிக்கவும் அக்கா, பஸ்ஸில் இருந்தேன். மில்லிக்கு 100 நானோகிராம், 16 மணி நேரம். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் உருண்டையாகி வெந்த ஜவ்வரிசி மாதிரி மின்னின, கொஞ்சம் மிதந்தன. டோஸ் அதிகமாகிச் செத்துவிட்டது என்று நினைத்தேன். மீடியத்தை பிளீச்சில் கொட்டிவிட்டு, பி.பி.எஸ். உப்புக் கரைசலில் இரண்டு தடவை நன்றாக அலசி, ஒட்டியிருந்ததைச் சுரண்டி லைசேட் எடுத்தேன். மூன்று தடவையும் இப்படித்தான்.

கெடிலக்கரை:
தம்பி, அந்த ஜவ்வரிசிதான் உங்கள் அரோரா ஏ. அதை பிளீச்சில் கொட்டியிருக்கிறீர்கள்.

ஹீலா மைட்டாசிஸுக்குள் போனதும் டிஷ்ஷின் பிடியை விட்டு உருண்டுகொள்ளும். லேசாகத் தட்டினாலே கழன்று மிதக்கும். செத்த செல் சுருங்கி, ஓரம் பிய்ந்து, கறுத்துத் தெரியும். இது ஒரே அளவாக, விளிம்பு பளபளவென்று இருக்கும். 40எக்ஸில் உற்றுப் பார்த்தால் நடுவே குரோமோசோம் திரண்டு கிடப்பதுகூடத் தெரியும். நீங்கள் அலசிய பிறகு டிஷ்ஷில் மிஞ்சியவை பிரியாத செல்கள். அவற்றில் ஆக்டின் நிறைய இருக்கும், அரோரா ஏ அநேகமாக இருக்காது. சாதாரண ஹீலாவுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நாள், அதில் மைட்டாசிஸ் ஒரு மணி நேரம் போலத்தான். ஒன்றும் கொடுக்காத டிஷ்ஷிலாவது நூற்றுக்கு நாலு செல் கிடைத்திருக்கும். நீங்கள் அந்த நாலையும் சேர்த்து அலசிவிட்டீர்கள்.

இனி மீடியத்தைக் கொட்டாதீர்கள். டிஷ்ஷைப் பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டி, மீடியத்தைக் குழாயில் பிடித்து, சென்ட்ரிஃப்யூஜில் மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்த பெல்லட்டை ஐஸில் வைத்த பி.பி.எஸ்.-இல் ஒரு தடவை கழுவி உடனே லைசிஸ் பஃபரில் போடுங்கள். ஒட்டியிருப்பதைத் தனிக் குழாயில் எடுங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டினால் கைடுக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம்.

மூத்தவன்_கடலூர்:
சரியான கேள்வி அதுதான். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒன்று சேர்க்கிறேன்: பஃபரில் சோடியம் ஃப்ளோரைடு மாதிரி பாஸ்படேஸைத் தடுப்பது எதுவும் இல்லையென்றால் அரோரா ஏ-வின் 288-ஆவது அமினோ அமிலமான திரியோனினில் ஏறிய பாஸ்பேட்டை செல்லின் பாஸ்படேஸ்களே கழற்றிவிடும்.

பாகூரான்:
பாஸ்போவுக்கு பி.எஸ்.ஏ.-வும்.

வில்லியனூர்_07:
வந்துவிட்டது. மிதந்த செல் லேனில் 46-க்கு நேராகத் தடியாக ஒன்று. ஒட்டியிருந்த லேனில் கிட்டத்தட்ட வெறுமை. பி.எஸ்.ஏ.-வில் போட்டேன், பாஸ்போவும் வந்தது. ஆனால் பாஸ்போவில் 40-க்குப் பக்கத்தில் இன்னொரு பேண்ட் இருக்கிறதே? உடைந்த துண்டா?

கெடிலக்கரை:
மகிழ்ச்சி தம்பி. உடைந்தது இல்லை, அது அநேகமாக அரோரா பி. 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் அண்ணன் தம்பி மரபணு, 39 கிலோடால்டன். அதன் திரியோனின் 232-ஐச் சுற்றிய வரிசையும் ஏறக்குறைய இதே மாதிரிதான், அதனால் பல பாஸ்போ ஆன்டிபாடிகள் இரண்டையும் பிடிக்கும். ஆன்டிபாடித் தாளில் ஏ, பி, சி மூன்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொத்த அரோரா ஏ பிளாட்டில் அந்தக் கீழ் பேண்ட் இல்லைதானே?

கெடிலக்கரை:
தம்பி?