ஒரே கேம் 17 தடவை! லைப்ரரி ஸ்கேன் உங்களை எப்படிக் கவிழ்த்தது? (பழைய கன்சோல் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர், ஃபோல்டரில் கிடக்கும் ஃபைல்களைத் தானே பார்த்து கேம் பட்டியல் போடுவதுதான் லைப்ரரி ஸ்கேன்.)

குடந்தைக்காரன்:
ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை என்று ஒரு நாள் உட்கார்ந்து, ஒரு கேபி இரண்டு கேபி என்று கிடந்த ‘.க்யூ’ ஃபைல்களைக் குப்பை என்று அழித்துவிட்டேன் (அதில் என்ன இடம் மிச்சமாகும் என்று கேட்காதீர்கள்). அப்புறம் மகாமகக் குளத்துப் பக்கம் அக்கா வீட்டில், அக்கா மகன் முன்னால் பெருமையாக ஸ்கேன் போட்டேன். “மாமா, ஒரே கேம் 17 தடவை இருக்கு, நீங்க எதுல விளையாடுவீங்க?” என்றான். பிளேஸ்டேஷன் 1 சிடி அது. ஒவ்வொரு ட்ராக்கின் ‘.பின்’ ஃபைலும் தனி கேமாக, அதுவும் மெகா டிரைவ் என்ற வேறொரு கன்சோலின் தலைப்பின் கீழே. ஏழாவதை அழுத்தினான், கறுப்புத் திரை. பாட்டு ட்ராக்கைத் திறந்தால் வேறென்ன வரும்! எக்ஸ்டென்ஷனை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற மென்பொருளை என்ன சொல்ல?

மன்னை மைனர்:
மென்பொருளைத் திட்டாதீர்கள் தம்பி. ‘.பின்’ அட்டாரி 2600 கன்சோலுக்கும் உண்டு, மெகா டிரைவுக்கும் உண்டு, சிடிக்கும் உண்டு. எந்த ட்ராக் எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே அந்தக் குட்டி க்யூதான். என் கதை சின்னது: ஆர்கேட் கேம் (காசு போட்டு ஆடும் மெஷினில் இருந்தது) ஒன்றின் ஜிப் ஃபைலுக்கு அழகாக முழுப் பெயர் வைத்தேன், ஆர்கேட் எமுலேட்டரான ‘மேம்’ ஃபைல் பெயரை வைத்துத்தான் தேடும், அத்தோடு காணோம். சரி, கேளுங்கள். க்யூ வெறும் டெக்ஸ்ட், நோட்பேடிலேயே எழுதலாம், உள்ளே ‘.பின்’ பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டும். ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் முழுப் பிரதி) என்றால் திறந்து பாருங்கள், ‘பிஎஸ்பி_கேம்’ ஃபோல்டர் இருந்தால் பிஎஸ்பி, அதாவது கையடக்க பிளேஸ்டேஷன். ‘சிஸ்டம்.சிஎன்எஃப்’ இருந்து அதில் ‘பூட்’ என்றிருந்தால் பிஎஸ்1, ‘பூட்2’ என்றிருந்தால் பிஎஸ்2. மெகா டிரைவ் ஃபைலில் 256 பைட் தள்ளி ‘சேகா’ என்றே எழுதியிருக்கும். இரண்டு சிடி கேமுக்கு எம்3யு (சிடி ஃபைல்களின் பெயரை வரிசையாக எழுதிய டெக்ஸ்ட் ஃபைல்) போடுங்கள். கன்சோலுக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

குடந்தைக்காரன்:
நான் வழி கேட்கவே இல்லையே அண்ணே.

வேதாரண்யம் உப்பு:
மைனர் சொல்வது ஆர்கேடுக்குச் சரி. கார்ட்ரிட்ஜ் கேமில் பல லைப்ரரிகள் பெயரையே பார்க்காது, உள்ளிருப்பதை வைத்து சிஆர்சி32 (ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண்) கணக்கிட்டு ‘நோ-இன்ட்ரோ’ என்ற கேம் பட்டியலோடு ஒப்பிடும். என் தங்கச்சி ஒரு சூப்பர் நின்டெண்டோ கேமுக்கு ‘என்னோடது தொடாதே’ என்று பெயர் வைத்திருந்தாள். ஸ்கேன் போட்டால் சரியான பெயரும் அட்டைப்படமும் வந்து நிற்கும்.

2018 நவம்பரில் கஜா வந்தபோது கூரை போய், கம்ப்யூட்டர் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. டிஸ்க்கை எப்படியோ மீட்டு ஸ்கேன் போட்டேன், எல்லாம் வந்தன, அவளுடையது மட்டும் வரவில்லை. ஒரு பிட் மாறினாலும் சிஆர்சி வேறாகிவிடும் இல்லையா. கையால் திறந்தேன், ஓடியது. மூன்றாவது கட்டத்தில் ஒரு மரம் மட்டும் ஊதா நிறம். அவளுக்கு போன் போட்டு, “வேற காப்பி இருக்கு, மாத்திடவா?” என்றேன். “வேண்டாம்ணே, அந்த மரம் இருக்கட்டும்.”

மன்னை மைனர்:
512 பைட் காப்பியர் ஹெடர் (கார்ட்ரிட்ஜைக் காப்பி எடுக்கும் பழைய கருவிகள் ஃபைலின் முன்னால் சேர்க்கும் துண்டு) ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதனாலும் சிஆர்சி பொருந்தாது.

வேதாரண்யம் உப்பு:
கஜாவுக்கு முன்னால் பொருந்தியதே அண்ணே.