மஸ்கடைன் என்று வாங்கிய கொடியும் தண்ணீர் ஊற்றிய அனுபவமும்

செராங்கூன் கார்டன்ஸ், தரைவீடு

மகளைப் பார்க்க வட கரோலினாவுக்குச் சென்றிருந்தபோதுதான் மஸ்கடைன் திராட்சையை முதன்முதலில் சுவைத்தேன். அது செப்டம்பர், அங்கே அறுவடைக் காலம். குலையாக வெட்டாமல் பழுத்த மணிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்தார்கள். தோல் மிகத் தடிப்பாக இருந்ததால் சதையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்பினோம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் காட்டுக்கொடியாகவே வளரும் இவ்வினம், ஈரமும் வெப்பமும் சேர்ந்த அந்தக் கோடையில் மற்றத் திராட்சைகளைத் தாக்கும் பல நோய்களைத் தாங்கி நிற்கும் என்று கேட்டதும், நம் ஊருக்கு ஏற்ற கொடி இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அங்கே குளிர்காலத்தில் அக்கொடி இலையை உதிர்த்து உறங்குகிறது என்பதையும், அந்த உறக்கம் அதற்குத் தேவை என்பதையும், இரவிலும் 24 பாகையைச் சுற்றியே நிற்கும் சிங்கப்பூரில் அது கிடைக்காது என்பதையும் நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும் என்பதால், இங்கேயே ஒருவரிடம் ‘மஸ்கடைன்’ என்று எழுதப்பட்டிருந்த கன்றை வாங்கினேன். ஆறு மாதம் கழித்துத்தான் பற்றுக்கம்பிகளைக் கூர்ந்து பார்த்தேன். மஸ்கடைனின் பற்றுக்கம்பி கிளைக்காமல் ஒற்றையாக நீளும். என் கொடியில் அவை இரண்டாகப் பிரிந்திருந்தன. பின்னர் முதிர்ந்த தண்டில் பட்டையும் நார்நாராக உரிந்தது, மஸ்கடைனில் அப்படி உரியாது. பெயர் ஒலிப்பில் நெருங்கியிருக்கும் மஸ்கட் வகை, அதாவது நாம் பன்னீர்த் திராட்சை என்கிறோமே, அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனாலும் தளதளவென்று நின்ற கொடியைப் பிடுங்க மனம் வரவில்லை.

என் பெரிய தவறு தண்ணீரில்தான். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவதுபோல் தினமும் காலையும் மாலையும் ஊற்றினேன். டிசம்பர் மழையிலும் அந்தப் பழக்கத்தை நிறுத்தவில்லை. இலைகள் வெளிறின, உரக்குறை என்று நினைத்து உரமிட்டேன், மேலும் வாடியது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடிமண் களியாக இறுகி, நுனிவேர்கள் பழுப்பேறி அழுகியிருந்தன. வேருக்கு நீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டது அன்றுதான். அழுகியதை வெட்டி, மண்ணோடு தேங்காய் நார்த்தூளும் பருமணலும் கலந்து, கூடுதல் துளையிட்ட பெரிய தொட்டியில் நட்டு, செங்கல் மீது உயர்த்தி வைத்தேன். இப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே நீர் வெளியேறும்வரை ஊற்றுகிறேன். மழை குறைந்த பிப்ரவரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் தேவைப்படுகிறது. நவம்பர், டிசம்பரில் பல வாரங்கள் வாளியைத் தொடுவதே இல்லை.

ஈசூன், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு

ஐயா, தாழ்வாரத்தில் திராட்சைக்கொடி வளர்க்கும் எனக்கு மழை நேராக விழுவதில்லை, அதனால் உங்களைவிட அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது. டெங்கிக் கொசுவுக்கு அஞ்சித் தொட்டியின் அடித்தட்டையே எடுத்துவிட்டேன். தேங்கிய நீர் இல்லாதது வேருக்கும் நல்லதாயிற்று. வேலை முடிந்து வந்து இரவில் இலைமேல் தெளித்த நாள்களில்தான் இலையின் அடிப்புறம் வெண்மையாகப் பூசணம் படர்ந்தது. இப்போது காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுகிறேன், புதுத்தளிர்கள் சுத்தமாக வருகின்றன. காய் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை, அதற்கு என்ன செய்வது?

புக்கிட் பாஞ்சாங், சமூகத் தோட்டம்

தம்பி, எங்கள் குடும்பம் தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை விளையும் அந்தப் பள்ளத்தாக்கிலும் கொடி உறங்கும் அளவுக்குக் குளிர் வராது. அங்கே கவாத்துதான், அதாவது குச்சிகளை வெட்டிவிடுவதுதான், கொடியை எழுப்புகிறது. கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை வரும் என்று அப்பா கணக்கு வைத்திருப்பார். நானும் அதையே இங்கே செய்தேன். ஜனவரிக் கடைசியில், மழை ஓயும் நேரம் பார்த்து, நீரைச் சில நாள் குறைத்து, முதிர்ந்த குச்சிகளைச் சில கணுக்கள் மட்டும் விட்டு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட்டேன். வெட்டிய இடத்தில் நீர் சொட்டியதைக் கண்டு பக்கத்துப் பாத்திக்காரர் பதறினார், அது கொடிக்குத் தீங்கு செய்யாது. புதுத்தளிரோடு பூங்கொத்தும் வந்தது. மணி பருக்கும்போது சீராக நீர் கொடுங்கள். நிறம் மாறத் தொடங்கியதும் குறையுங்கள். அந்த நேரத்தில் காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் மணிகள் வெடித்துவிடும். என் ஆறு குலைகளில் இரண்டு ஒரே பெருமழையில் அப்படித்தான் போயின. அடுத்த முறை பந்தலுக்கு மேலே ஒளி ஊடுருவும் தகடு போடப்போகிறேன்.