7.5 சதவீதத்தில் விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறாள் தங்கை, என்ன செய்வது?

மார்க்கெட்ரோடு அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், நான் பன்னிரண்டாவதோடு நின்று மில்லுக்குப் போய்விட்டேன். தங்கை ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. முதல் தடவை நீட் எழுதியபோது சரியாக வரவில்லை. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து ஒரு வருடம் கோச்சிங் அனுப்பினோம், விடுதியில் தங்கிப் படித்தாள், இந்தத் தடவை நல்ல மார்க். எங்கள் பிசி பிரிவில் போன வருடம் அரசுக் கல்லூரி எந்த மார்க்கோடு நின்றதோ அதை ஒட்டித்தான் இருக்கிறாள். பொதுவில் கிடைத்தாலும் கிடைக்கும், கைவிட்டாலும் விடும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போனால் நிச்சயம் கிடைக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் அவள் விண்ணப்பத்தில் அந்த ஒதுக்கீட்டுக்கான கட்டத்தில் டிக் போட மாட்டேன் என்கிறாள். கோச்சிங்கில் கூடப் படித்த பெண்ணின் அண்ணன் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறாராம், அங்கே இந்த ஒதுக்கீட்டில் வந்தவர்களை 'ஏழரை' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஏழரைச் சனி பிடித்த மாதிரி ஐந்தரை வருடம் அந்தப் பெயரோடு நான் இருக்கணுமா என்று அழுகிறாள். இன்னொன்றும் சொல்கிறாள், அதுதான் எனக்குப் பதில் தெரியாதது. "நான் காசு கொடுத்து கோச்சிங் போனேன் அக்கா, கோச்சிங்கே போகாம எழுதின பிள்ளையோட இடத்தை நான் எடுக்கிற மாதிரி ஆகாதா?" என்கிறாள்.

விண்ணப்பத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேதியியல் வாத்தியார்:

அம்மா, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். வருடா வருடம் இந்த விண்ணப்பத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிரப்புகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் 'நீ ஏழையா, கஷ்டப்பட்டாயா' என்று கேட்கவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்று மட்டும்தான் கேட்கிறது. கோச்சிங் போனாயா என்றும் கேட்கவில்லை. 2020இல் இந்தச் சட்டம் வந்தபோது முதல் பட்டியலில் முதலிடம் வந்த மாணவர் 720க்கு 664 எடுத்தவர். அவரும் முதல் தடவை தவறவிட்டு, ஒரு வருடம் கோச்சிங் போய் எழுதியவர்தான். ஒரு வருடக் கோச்சிங் ஏழு வருடப் பள்ளியை அழித்துவிடாது. உங்கள் தங்கையின் பள்ளியில் எல்லாப் பாடத்துக்கும் எல்லா வருடமும் ஆசிரியர் இருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டத்துக்கு முந்தைய வருடம் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள் 6 பேர். மாநிலம் முழுக்க ஆறே பேர். சட்டம் வந்த வருடம் எம்பிபிஎஸ் 313, பிடிஎஸ் 92. நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 சதவீதம், அமைச்சரவை ஏழரையாக்கியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. யாரோ பரிதாபப்பட்டுக் கொடுத்ததில்லை அம்மா இது, குழு போட்டு, கணக்குப் பார்த்து, சட்டசபையில் நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்து வந்தது.

டிக் போட்டால் பொதுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட மாட்டார்கள், இரண்டிலும் இருக்கும். எதை எடுப்பது என்று கவுன்சிலிங் வரும்போது முடிவு செய்துகொள்ளலாம். இப்போது டிக் போடாமல் விட்டால் அப்போது கையில் ஒன்றும் இருக்காது. அப்புறம், இது மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும்தான். 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கும் எய்ம்ஸ், ஜிப்மருக்கும் பொருந்தாது.

படித்த பள்ளிகளில் படிப்புச் சான்று வாங்க நாளைக்கே போங்கள். நடுநிலைப் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு மேல்நிலைக்கு மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும்.

கரூர்க்காரன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுப் பட்டியலிலேயே அரசுக் கல்லூரி உறுதி என்று தெரிந்தால் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஏழரையில் ஒரு இடம் மிஞ்சும், அவளை மாதிரியே ஒரு பிள்ளைக்கு அது போகும். தங்கச்சி கேட்கிற கேள்வியில் நியாயம் இருக்கிறது, அந்த மனசு நல்ல மனசு.

ஹவுஸ் சர்ஜன் 2020:

அக்கா, நான் 7.5இல் சேர்ந்த அந்த முதல் பேட்ச், இப்போது பயிற்சி மருத்துவர். 2020 நவம்பரில் பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் கவுன்சிலிங், அப்பாவும் நானும் முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறிப் போனோம்.

கரூர் அண்ணன் சொல்வது உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சரி. உங்கள் தங்கை விளிம்பில் நிற்கிறாள். பொதுவில் அரசுக் கல்லூரி தவறி, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் வந்தால் வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் கட்டணம். அதையே 7.5இல் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். எங்கள் பேட்சில் தனியார் கல்லூரி இடம் கிடைத்தும், பணம் கட்ட வழியில்லை என்று அரங்கத்திலேயே எழுதிக்கொடுத்துவிட்டு அழுதுகொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். சில நாள் கழித்துத்தான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. அந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் அடகு வைத்த சங்கிலியை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

'ஏழரை' என்று கூப்பிடுவார்களா என்றால், எங்கள் கல்லூரியிலும் கூப்பிட்டார்கள், பொய் சொல்ல மாட்டேன். முதல் வருடம் வலித்தது. ஆனால் அதைவிட வலித்தது இங்கிலீஷ். அனாட்டமி வாய்மொழித் தேர்வில் ஒரு எலும்பைக் கையில் கொடுத்து இது என்ன என்றார்கள். எனக்குத் தெரியும், எந்தப் பக்கத்து எலும்பு, எந்த முனை எதோடு சேரும், எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் 'காறை எலும்பு' என்றுதான் வருகிறது. கை நடுங்குகிறது. அந்தப் பேராசிரியை என்னையே பார்த்துவிட்டு "அதேதான்ப்பா, இப்ப இங்கிலீஷ்ல சொல்லு" என்றார். கிளாவிக்கிள் என்றேன். அன்றைக்கு ராத்திரி ரூம்மேட்டோடு சேர்ந்து வாங்கிய எலும்பு செட்டைக் கட்டிலில் பரப்பி வைத்து ஒவ்வொரு எலும்புக்கும் இரண்டு பெயரும் எழுதினேன். அந்த நோட்டை இப்போது ஜூனியர் தமிழ் மீடியம் பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வருடத்துக்கு மேல் யார் எந்த ஒதுக்கீடு என்று பேச யாருக்கும் நேரமில்லை. பல்கலைக்கழகத் தேர்வு எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான், பாஸ் மார்க்கும் ஒன்றுதான், ஏழரைக்கென்று தனியாகத் திருத்த மாட்டார்கள். போன மாதம் பிரசவ வார்டில் ராத்திரி டியூட்டி. மலையிலிருந்து வந்த ஒரு அக்கா, வயிறு 'சுருட்டிப் பிடிக்குது' என்றார், கூட டியூட்டி பார்த்தவனுக்கு அது வலி தொடங்கிவிட்டதா இல்லையா என்று பிடிபடவில்லை. எங்கள் அம்மா பேசுகிற பேச்சு அது. கை வைத்துப் பார்த்தேன், நேரம் குறித்தேன், மேடத்தைக் கூப்பிட்டேன். விடியற்காலை பெண் குழந்தை, மூன்று கிலோ.

தங்கையிடம் சொல்லுங்கள், முதல் வருடம் யாராவது அப்படிக் கூப்பிட்டால் சீனியர் ஒருத்தர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளட்டும். எந்தக் கல்லூரி என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள்.

காம்பவுண்ட் சுவர்:

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு சுவர்தான். அதன் வாசல் வீட்டுக்குப் பக்கம் என்று என்னை ஆறாவது உதவி பெறும் பள்ளியில் சேர்த்தார்கள், ஒன்பதாவதில் சுவரைத் தாண்டி அரசுப் பள்ளிக்கு வந்தேன். அதே ஃபீஸ் இல்லாத படிப்பு, அதே சத்துணவு, அதே இலவச பஸ் பாஸ். ஆனால் மூன்று வருடம் அந்தப் பக்கம் இருந்ததால் எனக்கு 7.5 கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்குக்கூட உண்டு, உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. நான் இப்போது பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன், பிடித்துத்தான் படிக்கிறேன்.

அக்கா, அந்தக் கட்டத்தில் டிக் போட எனக்குத் தகுதி இருந்திருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டேன். அவள் விட்டுக்கொடுப்பதால் அந்த இடம் என்னை மாதிரி ஒருத்திக்கு வரப்போவதில்லை. அதைச் சொல்லிப் பாருங்கள்.

வேதியியல் வாத்தியார்:

மேலே எழுதிய பிள்ளைக்கு: உன் வருத்தம் நியாயம்மா. உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள், கிடைக்கவில்லை. என் வகுப்பிலும் உன்னை மாதிரி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மார்க்கெட்ரோடு அம்மாவுக்கு ஒன்று. கோச்சிங் போகாத பிள்ளையின் இடம் என்று தங்கை கவலைப்படுகிறாளே, அந்தக் கவலையை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் விண்ணப்பத்தில் காட்ட வேண்டாம். லீவுக்கு ஊருக்கு வரும்போது அவள் படித்த பள்ளிக்குப் போய் உட்காரட்டும். பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு நாற்பத்தைந்து நிமிடம் உயிரியல் நடத்தட்டும். எங்களை மாதிரி ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்ததை அவர்கள் அவள் சொன்னால் கேட்பார்கள்.

மார்க்கெட்ரோடு அக்கா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொன்றாக அவளுக்குப் படித்துக் காட்டினேன். காறை எலும்பு வந்ததும் போனைப் பிடுங்கி அவளே படித்தாள். சுவர் கதை படித்த பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்பா ஓரமாகப் படுத்திருந்தவர், "அந்தப் பள்ளிக்கூடத்துலதான படிச்ச, அதைச் சொல்றதுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் இரண்டு பேரும் அவளுடைய பழைய நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, அவள் பெயர் இருந்த வரியைக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்துச் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேல்நிலைப் பள்ளிச் சான்று திங்கட்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்கள். டிக் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பொதுப் பட்டியலில் அரசுக் கல்லூரி உறுதியாக வந்தால் அதைத்தான் எடுப்பேன் என்கிறாள், அது அவள் இஷ்டம்.

ஹவுஸ் சர்ஜன் தம்பிக்கு: அந்த இரண்டு பெயர் நோட்டை அவளுக்கும் ஒரு ஜெராக்ஸ் வேண்டுமாம்.